நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை: அந்த 5 நிமிடத்தில் என்ன செய்வது

யாருக்கோ இப்போதே நெஞ்சை அடைக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து போனில் தேடி இதைப் படிக்கிறீர்கள் என்றால், படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். மீதியெல்லாம் அப்புறம்.

சரி, நிதானமாகப் படிக்க நேரம் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ள ஒருவரின் மகன், பல வருடங்களாக அவருடைய மாத்திரைகளைப் பார்த்துக்கொள்பவன், அவ்வளவுதான். அப்பாவுக்கு முதன்முதலில் இதை எழுதிக் கொடுத்தபோது டாக்டர் சொன்னது ஒரே வரி: "வலி வந்தா நாக்குக்கு அடியில வச்சுக்கோங்க." அப்பா தலையாட்டினார், நானும் தலையாட்டினேன். மூன்று மாதம் கழித்து ஒரு நடுராத்திரி வலி வந்தது. அவர் யாரையும் எழுப்பவில்லை. தானே எழுந்து, இருட்டில் நடந்து போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தச் சின்னப் பழுப்புப் பாட்டிலை எடுத்து, நின்றபடியே திருகித் திறந்து, உள்ளே குலுங்குகிறதே என்று தானே முன்பு அடைத்து வைத்திருந்த பஞ்சை விரலால் நோண்டி எடுத்து, மாத்திரையை வாயில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்துவிட்டார். காலையில் சாவகாசமாகச் சொல்கிறார், "அந்த மாத்திரை கேக்கலப்பா."

எப்படிக் கேட்கும், அதைத்தான் விழுங்கிவிட்டாரே. அந்த இரண்டு நிமிடத்தில் அவர் செய்த ஒவ்வொன்றும் தப்பு, நடந்தது, நின்றது, பஞ்சு, தண்ணீர், யாரிடமும் சொல்லாதது எல்லாமே. ஆனால் குறை அவர் மேல் இல்லை, எங்களில் யாருக்கும் அந்த ஒரு வரிக்கு மேல் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த மாத்திரை, ஏன் நாக்குக்கு அடியில்

இரண்டு மருந்துகள்தான் பெரும்பாலும் இப்படிக் கொடுக்கப்படுகின்றன. ஒன்று நைட்ரோகிளிசரின். கிளிசரில் டிரைநைட்ரேட் என்று அட்டையில் போட்டிருந்தாலும் இதேதான். 0.3 முதல் 0.6 மில்லிகிராம் வரைதான் அளவு, கடுகை விடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. இன்னொன்று ஐசோசார்பைட் டைநைட்ரேட். சார்பிட்ரேட் என்று பலர் சொல்வது இதைத்தான், நாக்குக்கு அடியில் வைக்க வழக்கமாக 5 மில்லிகிராம். நைட்ரோகிளிசரின் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் வேலையை ஆரம்பித்துவிடும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஐசோசார்பைட் டைநைட்ரேட் கொஞ்சம் மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும்.

இங்கே ஒரு குழப்பம் வரும், கவனம். ஐசோசார்பைட் மோனோநைட்ரேட் என்று ஒரு மாத்திரை உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அது தினமும் விழுங்குகிற மாத்திரை, வலி வராமல் தடுப்பதற்கு. வலி வந்த நேரத்தில் அதை நாக்குக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. இரண்டும் உள்ள வீட்டில், அவசரத்துக்கானதைத் தனியாக, வேறு இடத்தில், பெரிய எழுத்தில் பெயர் எழுதி வையுங்கள்.

விழுங்கினால் ஏன் வேலை செய்யாது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக மனதில் நிற்கும். வயிற்றுக்குப் போகிற மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். கல்லீரல் நைட்ரோகிளிசரினைக் கண்டால் விடாது, பெரும்பகுதியை அங்கேயே உடைத்துப் போட்டுவிடும். நாக்குக்கு அடியில் உள்ள தோல் மெல்லியது, அதன் கீழே நரம்பு போல நீலமாகத் தெரிகிற சிரைகள் வழியாக மருந்து கல்லீரலைத் தொடாமல் நேராக இதயத்துக்குப் போகிறது. கண்ணாடி முன்னால் நின்று நாக்கைத் தூக்கிப் பாருங்கள், அந்த நீலக்கோடுகள் தெரியும். மாத்திரை உட்கார வேண்டிய இடம் அதுதான்.

போன பிறகு என்ன செய்கிறது? உடம்புக்குள் அது நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக்குழாய்ச் சுவர்களின் தசையைத் தளர்த்துகிறது. அடைப்பைக் கரைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. முக்கியமாகச் சிரைகள் விரிகின்றன, ரத்தம் கீழ்ப்பகுதியில் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தம் குறைகிறது. சுமை குறைந்ததும் இதயத்துக்கு வேண்டிய ஆக்சிஜனும் குறைகிறது, வலி தணிகிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் ஓரளவு விரியும். ரத்தம் காலில் தேங்குகிற அந்த நேரத்தில் நீங்கள் நின்றுகொண்டிருந்தால் தலைக்குப் போக என்ன மிச்சம் இருக்கும்? தலை சுற்றும், சிலர் அப்படியே விழுவார்கள். அதனால்தான் உட்காருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

வைக்கும் முறை

வலி, அழுத்தம், இறுக்கம், எரிச்சல், எப்படி வந்தாலும் செய்துகொண்டிருக்கும் வேலையை விடுங்கள். நடந்தால் நில்லுங்கள், வண்டி ஓட்டினால் ஓரம் கட்டுங்கள். உட்காருங்கள், முதுகுக்குச் சாய்மானம் இருந்தால் நல்லது. பக்கத்தில் இருப்பவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். "ஒன்றுமில்லை, வாயுதான்" என்று சொல்லாதீர்கள், வாயு என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பேர் மணிக்கணக்கை விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் நேரம் பார்க்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள், என்னைக் கேட்டால் மாத்திரையை விட இதுதான் முக்கியம். மணி 9:12 என்றால் 9:12 என்று சத்தமாகச் சொல்லுங்கள், யாராவது எழுதிக்கொள்ளட்டும்.

வாய் காய்ந்திருந்தால் மாத்திரை கரையாது, பயத்தில் வாய் காய்ந்துதான் போகும். மாத்திரை வைப்பதற்கு முன் ஒரு வாய் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், முன்னால் மட்டும். ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து வாயை மூடிக்கொள்ளுங்கள். மெல்ல வேண்டாம், விழுங்க வேண்டாம், கரைகிறபோது எச்சிலையும் கூடுமான வரை விழுங்காமல் வைத்திருங்கள். பேச்சுக் கொடுக்காமல் இருப்பது சுற்றி இருப்பவர்கள் செய்யக்கூடிய உதவி. "எப்படி இருக்கு, இப்ப எப்படி இருக்கு" என்று நிமிடத்துக்கு நாலு தடவை கேட்டால் அவர் பதில் சொல்லியே மருந்தை விழுங்கிவிடுவார்.

கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம். வலி குறையவே இல்லை, அல்லது கூடியிருக்கிறது என்றால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள், கூப்பிட்ட பிறகு இரண்டாவது மாத்திரை. இன்னொரு 5 நிமிடம் கழித்தும் அப்படியே என்றால் மூன்றாவது. 15 நிமிடத்துக்குள் 3 மாத்திரை, அதற்கு மேல் டாக்டர் சொல்லாமல் கிடையாது. பழைய பழக்கம் மூன்றும் வைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவது. இன்னும் பலர் மனதில் அதுதான் இருக்கிறது, ஆனால் அதில் கால் மணி நேரம் போய்விடுகிறது, அடைப்பு முழுதாக இருந்தால் அந்தக் கால் மணியில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். சில நாடுகளின் வழிகாட்டுதலில் இரண்டாவது மாத்திரைக்கும் 5 நிமிடம் பொறுத்துக் கூப்பிடலாம் என்று இருக்கிறது. உங்கள் டாக்டர் உங்களுக்கென்று சொன்ன கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சொல்லவில்லை என்றால் முதல் 5 நிமிடத்தையே எல்லையாக வையுங்கள். வீண் அலாரம் என்று தெரிந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இந்த 5 நிமிடம்கூட வழக்கமாக வருகிற, பழகிய வலிக்குத்தான். வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு திணறுகிறது, வாந்தி வருகிறது, கையிலும் தாடையிலும் பரவுகிறது, இதுவரை இப்படி வந்ததே இல்லை என்று அவரே சொல்கிறார், இப்படி எது இருந்தாலும் மாத்திரைக்கும் கடிகாரத்துக்கும் காத்திராமல் போனை எடுங்கள்.

வலி முழுதாகப் போய்விட்டால், நாக்குக்கு அடியில் கரையாமல் மிச்சம் இருக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையைத் துப்பிவிடலாம், தலைவலி குறையும். ஆனால் உடனே எழுந்திருக்க வேண்டாம், பத்து நிமிடமாவது அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். தலை ரொம்பச் சுற்றினால் படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மயங்கிவிட்டார், கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் வாயில் எதையும் வைக்காதீர்கள், மாத்திரையும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம். மூச்சு இல்லை அல்லது இழுத்து இழுத்து விடுகிறார் என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். அந்தக் கட்டத்தில் இந்த மாத்திரைக்கு வேலையே இல்லை.

ஸ்பிரே வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். நாக்கைத் தூக்கி அடியில் அடியுங்கள், மூச்சோடு உள்ளே இழுக்காதீர்கள், ஆஸ்துமா பம்பு மாதிரி இது நுரையீரலுக்குப் போகிற மருந்து இல்லை. கை நடுங்குகிறவர்களுக்கும் கண் சரியாகத் தெரியாதவர்களுக்கும் மாத்திரையை விட ஸ்பிரே எளிது, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

யாருக்குக் கொடுக்கவே கூடாது

முதலில், டாக்டர் எழுதித் தராத ஒருவருக்கு. பக்கத்து வீட்டில் யாருக்கோ நெஞ்சுவலி என்றதும் தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடுகிற நல்ல மனசு பலருக்கு உண்டு. ஓடுங்கள், ஆனால் பாட்டில் இல்லாமல். ஏனென்றால் ரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கிற ஒருவருக்கு, மேல் அளவு 90க்குக் கீழே இருக்கிற ஒருவருக்கு, இது அழுத்தத்தை இன்னும் தள்ளிவிடும். இதயத்தின் வலது கீழறையைத் தாக்குகிற மாரடைப்பு ஒன்று உண்டு, அதில் இதயம் திரும்பி வருகிற ரத்தத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சிரைகளை விரித்துவிட்டால் அழுத்தம் சரேலென்று விழும். ஈசிஜி எடுக்காமல் இது யாருக்கும் தெரியாது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலான பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பவர்களுக்கும் இதே ஆபத்து.

அடுத்தது கூச்சத்தால் உயிருக்கே ஆபத்தாகிற விஷயம். வயாகரா என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த சில்டெனாஃபில், அதே வகையைச் சேர்ந்த வார்டெனாஃபில், இவற்றை எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகையில் இன்னொன்றான டடலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் இந்த நைட்ரேட் மாத்திரை (மேலே சொன்ன நெஞ்சுவலி மாத்திரைகள் எல்லாமே இந்த வகைதான்) கூடாது. இரண்டும் ஒரே வழியில் ரத்தக்குழாயை விரிப்பவை, சேர்ந்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். மனைவி பக்கத்தில் இருக்கிறார், மகன் நிற்கிறான் என்று இதைச் சொல்லாமல் விட்டவர்களை நினைத்துப் பாருங்கள். ஆம்புலன்சில் வருகிறவர்கள் இதை எல்லோரிடமும் கேட்பார்கள், அவர்களுக்கு இது தினசரிக் கேள்வி, உண்மையைச் சொல்லிவிடுங்கள். நுரையீரல் ரத்த அழுத்தத்துக்காகப் பெண்களும் சில்டெனாஃபில் எடுப்பதுண்டு, அதனால் "அவங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்" என்று விடவும் முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், விஷயம் கொஞ்சம் வேறுதான். பிரஷர் கூடிவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பதும் ஒரு பழக்கமாக இருந்தது, நிஃபெடிபின் கேப்சூலைக் கடித்து வைப்பார்கள். அழுத்தம் கட்டுப்பாடில்லாமல் சரிந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் 1990களின் நடுவிலேயே மருத்துவ இதழ்களில் இதை நிறுத்தச் சொல்லி எழுதினார்கள். நாக்குக்கு அடியில் எதை வைத்தாலும் சீக்கிரம் கேட்கும் என்பது தப்பு.

வலி போனால் இதயம் சரி என்று அர்த்தமா?

இல்லை, வலி போகவில்லை என்றால் இதய வலி இல்லை என்றும் அர்த்தமில்லை. உணவுக்குழாய் இறுகிப் பிடிக்கிற வலியும் இந்த மாத்திரையில் தணியும், அங்கே இருப்பதும் தளரக்கூடிய தசைதான். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நெஞ்சுவலியோடு வந்த 459 பேருக்கு நைட்ரோகிளிசரின் கொடுத்துப் பார்த்தார்கள். இதயக்குழாய் நோய்தான் காரணம் என்று உறுதியானவர்களில் 35 சதவீதம் பேருக்கு வலி தணிந்தது, இதயக்குழாயில் கோளாறு இல்லாதவர்களில் 41 சதவீதம் பேருக்குத் தணிந்தது. இதை வைத்து என்னவென்று முடிவு செய்வது? "சார்பிட்ரேட் வச்சதும் போயிடுச்சு, அப்ப ஹார்ட்டுதான்" என்று சொல்லும் உறவினருக்கும், "போகலையே, அப்ப கேஸ்தான்" என்று சொல்லும் உறவினருக்கும் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

மாரடைப்பையே இது தடுத்துவிடும் என்றும் நம்பாதீர்கள். வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். நேரம் வாங்கித் தரும் என்றுகூடச் சொல்ல மாட்டேன். 1995இல் வந்த ஐசிஸ்-4 என்ற மிகப்பெரிய ஆய்வில், மாரடைப்பு வந்த 58,000க்கும் மேற்பட்டவர்களிடம் நைட்ரேட் வகையின் விழுங்கும் மாத்திரையைச் சோதித்துப் பார்த்ததில் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. மாரடைப்பில் உயிரைக் காப்பது அடைபட்ட குழாயைத் திறப்பது, அது ஆஸ்பத்திரியில்தான் நடக்கும்.

வீட்டில் செய்யக்கூடியதில் ஆஸ்பிரினுக்குத்தான் மாரடைப்பில் இறப்பைக் குறைக்கும் என்ற உறுதியான சான்று இருக்கிறது, ஆனால் அதை வைக்கும் விதம் வேறு. அதை நாக்குக்கு அடியில் வைக்கக் கூடாது, 300 மில்லிகிராம் மாத்திரையை நன்றாக மென்று விழுங்க வேண்டும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், வயிற்றிலோ தலையிலோ ரத்தக்கசிவு இருந்தவர்கள் எடுக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் எண்ணில் பேசும்போதே கேளுங்கள், சொல்வார்கள்.

தலைவலி, பிறகு ஒரு பழைய கதை

மாத்திரை வைத்த சில நிமிடத்தில் தலை விண்விண்ணென்று தெறிக்கும், முகம் சூடாகும். தலையின் ரத்தக்குழாய்களும் விரிவதால் வருவது, பாராசிட்டமால் போட்டால் அடங்கும். இந்தத் தலைவலிக்குப் பயந்தே மாத்திரை வைக்காமல் வலியைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்பாவும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தார். இத்தாலியில் 1847இல் நைட்ரோகிளிசரினை முதலில் தயாரித்த அஸ்கானியோ சொப்ரேரோவுக்கே, துளி நாக்கில் வைத்துப் பார்த்ததில் இதே தலைவலிதான் வந்தது. லண்டனில் வில்லியம் மர்ரல் என்ற டாக்டர், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம் பையில் இருந்த நைட்ரோகிளிசரின் கரைசல் பாட்டிலின் ஈரமான தக்கையை நாக்கில் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தலையும் நாடியும் அதிர ஆரம்பித்துவிட்டன. 1879இல் அவர்தான் நெஞ்சுவலிக்கு இதை மருந்தாக எழுதி வெளியிட்டார். நைட்ரோகிளிசரினை வைத்தே டைனமைட் என்ற வெடியைச் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கு 1896இல் இதய நோய்க்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததும் இதே பொருளைத்தான், மருந்துக்கடைக்காரரும் ஜனங்களும் பயந்துவிடக் கூடாது என்று டிரைநைட்ரின் எனப் பெயர் மாற்றியிருந்தார்கள். வெடிக்குமா என்று என் பையன் கேட்டான். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம், மாவோடு கலந்தது, வெடிக்காது. பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு தைரியமாக நடக்கலாம்.

பாட்டிலை வைக்கும் விதம்

நைட்ரோகிளிசரின் ஆவியாகிப் போகிற சரக்கு. பிளாஸ்டிக்கில் ஊறிவிடும், பஞ்சிலும் ஊறிவிடும். அப்பா அடைத்து வைத்த பஞ்சு மூன்று மாதமாக மருந்தைக் குடித்துக்கொண்டிருந்தது, மாத்திரை வெறும் மாவாகிவிட்டிருக்கும். அதனால் அது வந்த பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலிலேயே இருக்கட்டும், வாரத்துக்கான மாத்திரை டப்பாவில் போட வேண்டாம், வேறு மாத்திரைகளை இதோடு சேர்க்க வேண்டாம், திறந்ததும் இறுக்கி மூடுங்கள். 25 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது, வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ உடம்போடு ஒட்டிய சட்டைப்பையிலோ நாள்கணக்கில் இருந்தால் வீரியம் போகும். திறந்து 8 வாரத்தில் தூக்கிப் போட்டுவிடு என்று சொல்லும் லேபிள்கள் உண்டு, இன்னும் கூடுதல் நாள் தருகிற தயாரிப்புகளும் உண்டு. உங்கள் லேபிள் என்ன சொல்கிறதோ அதன்படி, திறந்த தேதியைப் பேனாவால் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள். நாக்கில் சுரீரென்று குத்தினால்தான் மாத்திரை நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதை நம்ப வேண்டாம், நல்ல மாத்திரையும் குத்தாமல் இருக்கலாம். அட்டையில் வருகிற ஐசோசார்பைட் டைநைட்ரேட்டுக்கு இவ்வளவு செல்லம் தேவையில்லை, காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது என்பதும் ஒரு விஷயம். கை எட்டும் இடம், குழந்தைகளின் கை எட்டாத இடம், இரண்டும் ஒன்றாக அமைவது கஷ்டம்தான். எங்கள் வீட்டில் ராத்திரி அப்பாவின் தலைமாட்டில், பகலில் அவருடைய கைப்பையில். மூடியை அவரே திறக்கிறாரா என்று ஒரு நாள் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மூட்டுவலிக் கையால் ஒரு நிமிடத்துக்கும் மேல் திணறினார், அழுத்தித் திருக வேண்டிய மூடி அது. அதற்குப் பிறகு ஸ்பிரேக்கு மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டோம்.

வலி வரும் என்று தெரிந்த வேலைக்கு முன்னால், மாடி ஏறுவது மாதிரி, 5 அல்லது 10 நிமிடம் முன்னதாகவே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் தயங்க வேண்டாம். அடிக்கடி வைத்தால் பழகிப்போய்க் கேட்காமல் போய்விடும் என்று பயப்படுகிறார்கள், அந்தப் பழக்கம் நாள் முழுக்க உடம்பில் நைட்ரேட் இருந்தால்தான் வரும், வலிக்கு எப்போதாவது ஒன்று வைப்பதால் வராது.

எத்தனை தடவை தேவைப்படுகிறது என்பதை மட்டும் எண்ணுங்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு புள்ளி வைப்பார். பல மாதம் ஒன்று அல்லது இரண்டுதான் இருக்கும். ஒரு மாதம் இரண்டாவது வாரத்திலேயே நாலு புள்ளி, அதில் ஒன்று சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வந்தது. ஓய்வில் வருகிற வலி, அடிக்கடி வருகிற வலி, முன்பை விடக் குறைந்த வேலைக்கே வருகிற வலி, இதெல்லாம் அடைப்பு நிலை மாறுகிறது என்பதற்கான அறிகுறி. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் அப்பா. காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டு அன்று சாயங்காலமே கிளம்பினோம்.